வம்சத் தாளின் பின்பக்கம்

மெட்டடோர் வேனின் முன்பக்க மூடி மேல் இரண்டு தாள்கள் விரிந்து கிடந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒன்றின் மேல் ரோஜா வெட்டும் கத்தரியையும் மற்றதன் மேல் ஒரு தேங்காயையும் வைத்திருந்தோம். வேன்காரர் காதர் பாய் விரலை வைத்துப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். நான் இரண்டடி தள்ளி, எங்கள் பெட்டை நாய் தேவியின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

பாகலூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையைப் போன வாரம் சொன்னேன். அங்கே நான் ஐந்தாறு வருடம் இருந்த பிறகு நடந்தது இது. யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவன் நான். அன்றைக்கு யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன்.

"இந்த ஜோடி வேணாங்கம்மா. பாவம்."

பாயின் விரல் தாள் மேல் அப்படியே நின்றது.

சிவப்பு மை

தோட்டத்துக்காரம்மாவின் பெயர் சரோஜம்மா. வீட்டில் தெலுங்கு, வேலையாட்களிடம் தமிழ், பூ மார்க்கெட்டில் கன்னடம் பேசுவார். கணவர் இறந்த பிறகு தோட்டத்தையும் நாய்களையும் தனியாகப் பார்த்துக்கொண்டார். எல்லாம் அல்சேஷன் ஜாதி. நாய்களிடம் தெலுங்கில்தான் பேசுவார். தேவியிடம் தமிழில் உட்காரச் சொன்னால் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "கூர்ச்சோ" என்றால்தான் உட்காருவாள்.

ஜாதி நாய்க்கு வம்சத் தாள் ஒன்று உண்டு. எல்லோரும் அதைப் பேப்பர் என்பார்கள். இடது ஓரத்தில் நாயின் பெயர். அடுத்த வரிசையில் மேலே தகப்பன், கீழே தாய். அதற்கடுத்து நான்கு பெயர்கள், பிறகு எட்டு, கடைசியில் பதினாறு. நான்கு தலைமுறை ஒரே தாளில் அடங்கிவிடும்.

நான் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்து தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. ஆனாலும் அந்தத் தாள் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. மேலே தகப்பன் வீடு, கீழே தாய் வீடு என்று பாய் ஒரு தடவை சொன்னதுமே, பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர்கள் முறை விசாரிப்பது போல அது மனதில் விரிந்தது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் எழுத்தின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். இவன் அவளுக்கு மாமன், இவள் அவனுக்கு அத்தை மகள் என்று ஓடும்.

ஒரு தடவை பெங்களூர்க்காரர் ஒருவர் ஒரு பேப்பரைப் பார்த்துவிட்டு, என்ன இப்படி ரத்த உறவிலேயே சேர்த்திருக்கிறார்கள் என்று வியந்தார். அக்கா மகளைக் கட்டியிருக்கிறான், இதிலென்ன இருக்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பட்டம் வாங்கிய நாய்களின் பெயரை மட்டும் சிவப்பு மையில் அடித்திருப்பார்கள். பெயருக்கு முன்னால் சாம்பியன் என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்து. கண்காட்சியில் உருவத்துக்கும் நடைக்கும் கிடைத்தது பெயருக்கு முன்னால் வரும். மோப்பம், கட்டளைக்குப் பணிதல் போன்ற வேலைக்குக் கிடைத்தது பெயருக்குப் பின்னால் வரும். இதெல்லாம் பாய் சொல்லித் தெரிந்தது. நான் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் சிவப்பு எத்தனை என்றுதான் எண்ணுவேன்.

பட்டம் இறங்காது

அதிலும் ஆரம்பத்தில் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் ஊரில் ஊர்க்கவுண்டர் பட்டம் தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்கு வரும். மகன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் கோயிலில் முதல் விபூதி அவனுக்குத்தான். நாய்க்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். தோட்டத்துக்குக் குட்டி பார்க்க வந்த ஓசூர்த் தொழிற்சாலை மேனேஜர் ஒருவரிடம், இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் காட்டி, "இவரு சாம்பியனுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அது அப்போதுதான் அவர் பூட்ஸ் மேல் மூத்திரம் போய் முடித்திருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எதுல?" என்று கேட்டார்.

அம்மா அன்றைக்குச் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகுதான் விளங்கச் சொன்னார். பட்டம் யாருக்கும் இறங்காது. ஒவ்வொரு நாயும் தானே கண்காட்சி நடக்கும் ரிங்குக்குள் போய், வேறு வேறு ஜட்ஜுகளிடம், பெரிய சான்றிதழைப் பல தடவை வாங்க வேண்டும். ஒரே ஜட்ஜ் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கணக்கில் வராது. தகப்பன் பெயர் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் பிள்ளை கறுப்பில்தான் தொடங்க வேண்டும்.

இதைக் கேட்ட நாளிலிருந்து அந்தத் தாள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

ரிங்கில் தேவியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது என் வேலை. நாலு பேர் பார்த்தால் சோறு இறங்காத கூச்சக்காரன் நான். ஆனால் ரிங்கில் ஒருவரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் நாயின் முதுகிலும் காலிலும் இருக்கும். கூட்டத்தின் நடுவில் நான் நிம்மதியாக இருந்த ஒரே இடம் அது.

தேவி பெரிய சான்றிதழைச் சில தடவை வாங்கினாள். பட்டத்துக்கு இன்னும் ஒன்றுதான் வேண்டியிருந்தது. அது கிடைக்காமலே வயது ஏறிவிட்டது. பெங்களூர்க் கண்காட்சியில் எங்களை "ஓசூர் பார்ட்டி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அம்மா அதைக் காதில் வாங்காதது போல இருப்பார். வண்டி மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இனி ஒரே ஒரு ஈத்துதான் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். தன் வீட்டில் பிறந்த ஒரு நாயின் பெயராவது சிவப்பில் ஏறவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்கு அந்த ஈத்துதான் மிச்சம். அதற்காகத்தான் பெங்களூர் காக்ஸ் டவுன் டிசூசாவிடம் இருந்த பிரின்ஸ் என்ற சாம்பியனைப் பேசி, அவன் பேப்பரை வரவழைத்திருந்தார். பாதிக்கு மேல் சிவப்பு.

பாயின் வேன்

காதர் பாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. விடிந்ததும் ரோஜாக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவார். கண்காட்சி நாளில் அதே வேனில் நாய்கள். வண்டிக்குள் எப்போதும் பூவும் நாயும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

பாய் நாயைத் தொட மாட்டார். எச்சில் பட்டால் கழுவி, உடை மாற்றிவிட்டுத்தான் தொழுவார். அதற்காகவே சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் கேனும் மாற்றுச் சட்டையும் வைத்திருப்பார். ஆனால் மேடு பள்ளத்தில் அவரைப் போல மெதுவாக வண்டி இறக்குகிறவரை நான் பார்த்ததில்லை. "உள்ள அம்மணி நிக்கிறா" என்பார். தோட்டத்து நாய்கள் அத்தனையின் தாத்தா பாட்டி பெயரும் அவருக்கு மனப்பாடம். பத்தாவது வரை படித்தவர், எனக்காக ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் படிப்பார். சலித்துக்கொண்டதே கிடையாது.

அந்த வார்த்தை

அப்படிப்பட்டவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் பாவம் என்று சொன்னேன்.

"என்ன பாவம்?" என்றார் அம்மா.

இரண்டு தாளிலும் தாய்க்குத் தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பெயர், சிவப்பில். தாய்க்குத் தாய் இடத்திலும் ஒரே பெயர். தேவியின் தாயும் பிரின்ஸின் தாயும் கூடப் பிறந்தவர்கள்.

"அக்கா தங்கச்சி வயித்துப் புள்ளைங்க, அம்மா. அண்ணன் தங்கச்சி முறை ஆவுது. அத்த புள்ள, மாமன் புள்ளைன்னா பரவால்ல. இதப் போயி சேக்கலாமா? மனுசன் செய்வானா இத?"

அம்மா வீட்டிலும் அதே முறைதான். ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல, பாயை.

பாய் தேங்காயை எடுத்து ஓரமாக வைத்தார். தாளை மடித்தார்.

"மாதப்பா, எங்கூட்டுக்காரி யாருன்னு தெரியுமில்ல?"

"ஜைனபு அக்கா."

"எங்க அம்மாவோட தங்கச்சி மவ."

ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த அக்கா கையால் சாப்பிட்டவன் நான்.

பாய் என் முகத்தையே பார்த்தார். "அப்ப எம்புள்ளைங்க நாலு பேருக்கும் நீ பேப்பர் தரமாட்ட போல" என்றார்.

அவர் சிரித்தாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் முதலில் சிரித்தார். "நான் கட்டுனது எங்கம்மா கூடப் பொறந்த தம்பிய. அந்த டிசூசாவோட சர்ச்சுல கேட்டா எனக்கும் பேப்பர் கெடைக்காது" என்றார். பிறகு பாயும் சிரித்தார். நான் தேவியை இழுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டேன்.

முறை பார்க்கிற அண்ணன்

இரண்டு நாள் பாயின் கண்ணில் படாமல் இருந்தேன். பூ ஏற்றும் நேரத்தில் தொட்டி கழுவப் போய்விடுவேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஓசூரில் அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். கதவைத் திறந்தது ஜைனபு அக்கா.

"வாங்க. நாய்க்கு முறை பாக்குற அண்ணன் வந்திருக்காரு" என்று உள்ளே திரும்பிச் சொன்னார்.

நான் வாசலிலேயே நின்றேன். "தெரியாம சொல்லிட்டேங்க அக்கா."

"தெரிஞ்சிருந்தா மட்டும் எங்க கல்யாணத்த நிறுத்தியிருப்பீங்களா? உக்காருங்க, டீ ஆறுது."

பாய் உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை.

"உன் முறையில அது தங்கச்சி. எங்க முறையில கட்டிக்கலாம். அம்மா முறையில மாமனையே கட்டிக்கலாம். நாய்க்கு என்ன முறைன்னு நம்ம மூணு பேருக்கும் தெரியாது. டிசூசாவக் கேப்போம். நீயும் வா. நீதான கண்டுபுடிச்ச."

தேவிக்குப் பருவம் வர இன்னும் சில வாரமே இருந்தது.

காக்ஸ் டவுன் வீட்டில்

டிசூசா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் சுவர் முழுக்கக் கோப்பைகளும் நாடாக்களும். பிரின்ஸ் சிமெண்டுத் தரையில் முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தான். அவ்வளவு அழகான நாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தலையைத் தூக்கினால் ஒரு அதிகாரி பார்ப்பது போல இருக்கும்.

அம்மா நடந்ததைச் சொன்னார். என் வார்த்தையை அப்படியே சொல்லவில்லை. இரண்டு தாய்களும் கூடப் பிறந்தவர்கள் என்பதை மாதப்பன் கவனித்தான் என்று மட்டும் சொன்னார்.

டிசூசா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தத் தாத்தாவின் சிவப்புப் பெயர் மேல் விரலை வைத்தார்.

"அக்கா தங்கச்சிங்கிறது மேட்டரே இல்ல. நாயில நாங்க முறை பாக்கறது இல்ல. பாக்க வேண்டியது இந்த ஆள. ரெண்டு பக்கமும் வர்றான். இவன்கிட்ட இருந்த நல்லது டபுளா வரும். கெட்டது ஏதாவது இருந்தா அதுவும் டபுளா வரும். உங்க சைடுல கெட்டது ஏதாவது இருக்கா?"

"எங்க பக்கம் அப்படி ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. குட்டிகள் இரண்டு மாதத்தில் போய்விடும். அதன் பிறகு அவற்றைப் பார்த்தது நானும் பாயும்தான். பாய் எங்காவது சரக்கு இறக்கப் போனால் நானும் கூடப் போவேன். வழியில் எங்கள் குட்டி இருக்கும் வீட்டில் ஐந்து நிமிடம் நிற்போம்.

வேப்பனப்பள்ளி மாந்தோப்பில் தேவியின் கூடப் பிறந்தவன் ஒருவன் இருந்தான். இரண்டு வயதில் அவன் வீட்டு முன்படிக்கு வந்து, ஏறாமல் நின்று, என்னைப் பார்த்தான். பிறகு முயல் மாதிரி பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவினான். எங்காவது விழுந்திருப்பான் என்று நினைத்தேன். அடுத்த வருடம் ஓசூர்த் தொழிற்பேட்டைக் காவல் கொட்டகையில் தேவியின் முதல் ஈத்துப் பெட்டை ஒன்று அதே மாதிரி தாவியதைப் பார்த்தேன். தோட்டத்து நாய்க்குக் குறை சொல்வானேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பாய் என் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் அவருக்கும் அந்த இரண்டு வீடும் தெரியும். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது புரிந்தது.

"ரெண்டு இருக்குதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். மாந்தோப்பு, காவல் கொட்டகை, படி, தாவல், எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கப் பயந்து பிரின்ஸைப் பார்த்தேன்.

டிசூசா எழுந்து, "வாங்க" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். அதன் கீழே கோணிப்பை மேல் ஒரு பெட்டை நாய். வால் ஆட்டிக்கொண்டு எங்களிடம் வந்தது. முன்னங்காலால்தான் வந்தது. பின்பக்கம் இழுபட்டு வந்தது. ரோமம் பளபளவென்று இருந்தது. புண் ஒன்றுகூட இல்லை. தினமும் யாரோ துடைத்துச் சீவிவிடுகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பிரின்ஸோட கூடப் பொறந்தவ" என்றார் டிசூசா. "இவள யாருக்கும் காட்டினதில்ல மேடம். நீங்க பேப்பர் கேட்டு அனுப்பினப்பவே சொல்லியிருக்கணும். உங்க ஆள் சொல்லலன்னா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவ்வளவு கோப்பை வைத்திருந்த மனிதர் அதைச் சொன்ன விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடுகிறது. அம்மா குனிந்து அந்த நாயின் காதைத் தடவிக் கொடுத்தார். "இந்த ஜோடி வேண்டாங்க" என்றார்.

நான் தோட்டத்தில் சொன்ன அதே வார்த்தைதான். என் காரணம் தப்பு. அவர் காரணம் சரி.

கறுப்புத் தாள்

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டியும் அம்மா பேசவில்லை. ஓசூர் நெருங்கும்போது கேட்டார்.

"இத்தன வருசம் ஏன் சொல்லல?"

"நம்மூட்டு நாயக் கொற சொல்ற மாதிரி ஆயிருங்கம்மா."

"சரி. கால் நல்லா இருக்கிற வம்சம் ஒண்ணு சொல்லு. பேப்பர்ல பாத்தது வேணாம். கண்ணால பாத்தது."

கிருஷ்ணகிரி போகும் வழியில் கிரானைட் கல் அறுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே டைகர் என்று ஒரு அல்சேஷன். அவன் தாய்க்குக் கிழவயது. அந்த வயதிலும் அறுத்துப் போட்ட கல் மேல் ஒவ்வொன்றாக ஏறி, உச்சியில் உட்கார்ந்து, லாரிகளைப் பார்த்துக் குரைப்பாள். அதைச் சொன்னேன்.

மறு வாரம் டைகரின் பேப்பர் வேன் மூடி மேல் விரிந்தது. எல்லாம் கறுப்பு. கடைசி வரிசையில், பதினாறு பெயரில் ஒன்றே ஒன்று சிவப்பு.

அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். அவர் கண்ட கனவுக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை. தேவிக்கு இன்னொரு பருவம் காத்திருக்கவும் முடியாது.

"முறை சரியா இருக்கா மாதப்பா?" என்று கேட்டார் பாய்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "நாளைக்கு வண்டி எடுங்க பாய்" என்றார்.

மூன்று படி

ஐந்து குட்டிகள். கங்கா என்று பெயரிட்ட பெட்டை ஒன்றைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டோம். அம்மா வீட்டு வாசலில் மூன்று கருங்கல் படிகள் உண்டு. குட்டிகள் அதில் ஏறி இறங்குவதைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

அப்போது அம்மாவிடம் ஒன்று கேட்டேன். கங்கா பேப்பரின் பின்பக்கம் சும்மாத்தானே கிடக்கிறது, அதில் நான் பார்த்ததை எழுதி வைக்கலாமா என்று. அச்சடித்த பேப்பரில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு, கறுப்பு, சிவப்பு இரண்டு மையிலும் தன் கையால் அதை நகலெடுத்துக் கொடுத்தார். பென்சிலால் தமிழில் எழுதினேன். வேப்பனப்பள்ளி, பின்னங்கால் தாவல். தொழிற்பேட்டை, அதே. டைகரின் தாய், கிழவயதில் கல் மேல் ஏறுவாள். காக்ஸ் டவுன் கொய்யா மரத்தடி நாயையும், டிசூசாவிடம் கேட்டுக்கொண்டு எழுதினேன்.

கங்காவுக்குப் பட்டம் கிடைக்க மூன்று வருடம் ஆனது. பெங்களூர், சென்னை, திரும்பப் பெங்களூர். கடைசிச் சான்றிதழ் அன்று ஜட்ஜ் அவளை இரண்டு சுற்று அதிகமாக ஓட விட்டார். ஓட்டத்தில்தான் அவள் ஜெயித்தாள். ரிங்குக்கு வெளியே டிசூசா எழுந்து நின்று கைதட்டினார். ஓசூர் பார்ட்டி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வீடு வந்ததும் அம்மா நகலில் கங்காவின் பெயர் மேல் சிவப்பு மையில் திரும்ப எழுதினார்.

அதற்குப் பிறகு குட்டி கேட்டு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மைசூரிலிருந்து வந்த ஒருவர் அந்த நகலில் கங்காவின் சிவப்புப் பெயரைப் பார்த்துவிட்டு, அவள் தகப்பன் பக்கத்துக் கறுப்பைப் பார்த்து முகம் சுளித்தார். பாய் தாளைத் திருப்பி வைத்தார். "மொதல்ல இதப் பாருங்க சார்" என்றார். வந்தவருக்குத் தமிழ் படிக்க வராது. பாய் கன்னடத்தில் வரிவரியாகச் சொன்னார், நல்லதும் கெட்டதும். நான் கொட்டிலுக்குள் நின்று என் எழுத்தைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். மைசூர்க்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குட்டியை வாங்கிப் போனார்.

அந்த நகல் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. முன்பக்கத்துச் சிவப்பு மை வெளிறிவிட்டது. பின்பக்கத்தில் பென்சில் எழுத்து இன்னும் தெரிகிறது. கங்காவைப் பற்றிக் கடைசியாக எழுதியது, அவள் இறந்த வாரத்தில்:

பன்னிரண்டு வயது. மூன்று படியும் ஏறினாள்.